அரைப்பேரும் ஓர் அமெரிக்கக் காப்புரிமையும்

இணையத்தில் பொருள் வாங்கும் வழக்கம் உள்ளவர்கள் 'ஒரே சொடுக்கு' என்னும் வசதியை அறிந்திருப்பர். முகவரியையும் கடனட்டை விவரத்தையும் முன்பே கொடுத்துவைத்துவிட்டால், விரும்பிய பொருளின் பக்கத்தில் ஒருமுறை சொடுக்கினாலே கட்டளை பதிவாகிவிடும். கேட்பதற்கு மிகச் சாதாரணமான செய்தி. ஆனால் இந்தச் சாதாரணமான செய்திக்கு அமேசான் நிறுவனம் 1997 செப்டெம்பரில் அமெரிக்கக் காப்புரிமை கோரி விண்ணப்பித்தது; 1999 செப்டெம்பர் 28-ஆம் திகதி அதனைப் பெற்றும்விட்டது. கண்டுபிடித்தவர்களாக அப்பத்திரத்தில் இடம்பெற்ற நால்வருள் நிறுவனத்தின் தலைவர் ஜெப் பெசோஸும் ஒருவர்.

காப்புரிமை கிடைத்து ஒரு மாதம் நிறைவதற்குள் அமேசான் தனது போட்டியாளரான பார்ன்ஸ் அண்ட் நோபிள் புத்தக நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தது. அந்த ஆண்டு டிசம்பரில் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதிக்கவே, புத்தகக்காரர்கள் தங்கள் வாடிக்கையாளர்களை இன்னொரு தடவை சொடுக்கவைக்க நேர்ந்தது. 2001 பெப்ரவரியில் மேன்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியது. 2002-இல் இரு தரப்பினரும் சமரசம் செய்துகொண்டனர். இதனிடையே 2000-ஆம் ஆண்டிலேயே அப்பிள் நிறுவனம் பணம் கொடுத்து அதே உரிமையின் உரிமத்தைப் பெற்றுக்கொண்டது. 2017 செப்டெம்பரில் காப்புரிமை காலாவதியாயிற்று. இன்று எந்தக் கடைக்காரரும் தம் தளத்தில் அந்தப் பொத்தானை வைத்துக்கொள்ளலாம்.

உலகளாவிய வலையின் அடிப்படையான மென்பொருளைச் சேர்ன் ஆய்வுக்கூடம் 1993 ஏப்ரல் 30-ஆம் திகதி எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று பொதுவில் விட்டுவிட்டது. அவ்வாறு இலவசமாகக் கிடைத்த நெடுஞ்சாலையில்தான் பின்வந்தவர்கள் சுங்கச் சாவடிகளை அமைத்தார்கள். நமது கணினியில் தளங்கள் இட்டுவைக்கும் 'குக்கி' என்னும் சிறு அடையாளக் குறிப்பை 1994-இல் நெட்ஸ்கேப்பில் பணியாற்றிய லூ மொண்டுல்லி உருவாக்கினார். 1998-இல் அதற்குக் காப்புரிமை வழங்கப்பட்டது. இணையக் கடையில் பொருள்களை இட்டுவைக்கும் 'கூடை'க்கும் ஒரு காப்புரிமை இருந்தது. அதனை விலைக்கு வாங்கி வைத்திருந்த சோவரெய்ன் என்ற நிறுவனத்துக்கு 2005-இல் அமேசானே 40 மில்லியன் டொலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது. பணங்கொடுக்க மறுத்து வழக்காடிய நியூஎக் என்ற இணையக் கடை 2013 ஜனவரியில் வென்றது.

நமது நாட்டின் சட்டம் இவ்விடயத்தில் தெளிவானது. 2003-ஆம் ஆண்டின் 36-ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், வியாபாரம் செய்யும் முறைகளுக்கும் திட்டங்களுக்கும் காப்புரிமை இல்லை என்கிறது. ஒரே சொடுக்கில் விற்பதை இலங்கையில் எவரும் தம் கண்டுபிடிப்பு என்று பூட்டி வைத்திருக்க முடியாது.

இவையெல்லாம் பலரும் எழுதிய கதைகள். தொழில்நுட்பச் செய்திகளை நானும் பத்திரிகைக்காகப் பலமுறை மொழிபெயர்த்திருக்கிறேன். நான் இங்கே எழுத விரும்புவது அதிகம் பேசப்படாத இன்னொரு காப்புரிமையைப் பற்றி. மலையகத்தில் பிறந்தவன் என்ற வகையில் அதனை வாசித்தபோது எனக்கு அது அந்நியமாகத் தோன்றவில்லை.

அமேசானின் கடை வளர்ந்தபோது அதற்கு ஒரு விசித்திரமான தலைவலி ஏற்பட்டது. ஒரே பொருள் இரண்டு, மூன்று பக்கங்களில் வெவ்வேறு பெயர்களுடன் இடம்பெற்றுவிடும். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே பொருளைத்தான் விற்கின்றனவா என்று பார்த்துச் சொல்வது மனிதருக்கு ஒரு நொடி வேலை. அக்காலத்துக் கணினிக்கோ முடியாத வேலை. இலட்சக்கணக்கான பக்கங்களை யார் உட்கார்ந்து ஒப்பிடுவது?

இதற்கு விடையாக எழுதப்பட்டதுதான் 2001 ஒக்டோபரில் விண்ணப்பிக்கப்பட்டு, 2007 மார்ச் மாதத்தில் அமேசானுக்கு வழங்கப்பட்ட 7,197,459-ஆம் இலக்க அமெரிக்கக் காப்புரிமை. 'இயந்திரமும் மனிதரும் கலந்த கணிப்பு ஏற்பாடு' என்று அதன் தலைப்பைத் தமிழில் கூறலாம். கண்டுபிடித்தவர்கள் மூவர்: வெங்கி ஹரிநாராயண், ஆனந்த் ராஜாராமன், ஆனந்த் ரங்கநாதன். முதல் இருவரும் சென்னை ஐ.ஐ.டி.யில் படித்து, ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்தவர்கள். அவர்கள் வேறு சில நண்பர்களோடு சேர்ந்து தொடங்கிய ஜங்லீ என்ற நிறுவனத்தை 1998-இல் அமேசான் வாங்கியது. அவ்வழியே அவர்கள் அமேசானுக்குள் வந்தனர். பெயர்களைக் கண்டவுடன் 'நம்மவர்' என்று மகிழும் பழக்கம் நமக்கு உண்டு. அந்த மகிழ்ச்சி எனக்கும் ஏற்பட்டது. பிறகு உள்ளே உள்ளதை வாசித்தேன்.

அந்த ஏற்பாடு இதுதான். ஒரு கணினி தனக்குக் கொடுக்கப்பட்ட பெரிய வேலையைச் சிறு சிறு துண்டுகளாகப் பிரிக்கும். இரண்டு படங்களை ஒப்பிடுவது, ஒரு குரலை அடையாளங்காண்பது போன்ற தன்னால் இயலாத துண்டுகளை நடுவில் உள்ள ஒரு கணினிக்கு அனுப்பும். அது அவற்றை எங்கெங்கோ தத்தம் கணினியின் முன் அமர்ந்திருக்கும் மனிதருக்குப் பகிர்ந்தளிக்கும். அவர்கள் விடைகளை அனுப்புவர். விடைகள் திரட்டப்பட்டு முதற்கணினிக்குத் திரும்பும். அதுவரை மனிதர்தான் கணினியிடம் கேள்வி கேட்டார். இங்கே கணினி கேட்கிறது, மனிதர் பதில் கூறுகிறார். கணினி நிரலின் ஓர் உறுப்பாக மனிதர் மாறிவிடுகிறார்.

2005 நவம்பரில் அமேசான் இந்த ஏற்பாட்டை வெளியாருக்கும் திறந்துவிட்டது. அதற்குச் சூட்டிய பெயர் 'இயந்திரத் துருக்கியர்'. 1770-இல் வியன்னா அரசவையில் கெம்பலன் என்பவர் சதுரங்கம் ஆடும் பொம்மை ஒன்றைக் காட்டினார். துருக்கியத் தலைப்பாகை அணிந்த அந்தப் பொம்மை பெரிய ஆட்டக்காரர்களையும் வென்றது. உண்மையில் அதன் பெட்டிக்குள் திறமையான சதுரங்க வீரர் ஒருவர் மடங்கி ஒளிந்திருந்தார். அந்தப் பெயரையே தன் சேவைக்கு வைத்த அமேசான், 'செயற்கையான செயற்கை நுண்ணறிவு' என்று அதனை விளம்பரமும் செய்தது. பெட்டிக்குள் ஆள் இருக்கிறார் என்பதை அவர்கள் மறைக்கவில்லை. ஆனால் அந்த ஆளுக்கு நிறுவனம் வைத்த பெயர் 'A' என்ற எழுத்தில் தொடங்கும் ஓர் அடையாள எண் மட்டுமே.

தேயிலைத் தோட்டத்தை அறிந்தவருக்கு இந்த அமைப்புப் புதிதன்று. 1867-இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்ட காலத்தில் கொழுந்தைக் கையால்தான் உருட்டினார்கள். 1870-களிலும் 80-களிலும் இயந்திரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. வில்லியம் ஜாக்சனின் உருட்டும் இயந்திரம், சாமுவேல் டேவிட்சனின் 'சிரோக்கோ' உலர்த்தி ஆகியன அக்காலத்துக் காப்புரிமைப் பொருள்கள். டேவிட்சன் அசாம் பக்கத்துத் தோட்டங்களில் பணியாற்றி, ஊர் திரும்பி, 1881-இல் பெல்பாஸ்ட் நகரில் பெரிய ஆலையையே நிறுவினார். எங்கள் ஊர் ஸ்டோரில் 'சிரோக்கோ' என்ற வார்த்தையை ஆங்கிலம் அறியாத தொழிலாளரும் சரளமாகச் சொல்வார்கள்.

உருட்டுவதும் உலர்த்துவதும் சலிப்பதும் இவ்வாறு இயந்திரத்தின் வசமாயின. கொழுந்து கிள்ளுவது மட்டும் கையிலேயே நின்றுவிட்டது. இரண்டு இலையும் ஒரு குருத்தும் எது, விட்டுவிட வேண்டிய முற்றிய இலை எது என்பதை நொடியில் பார்த்து விரல் முடிவு செய்ய வேண்டும். அதுவும் மழை வழுக்கும் சரிவில் நின்றுகொண்டு. இன்று சில தோட்டங்களில் கத்தரியும் கையியந்திரமும் வந்துவிட்டன. ஆயினும் நல்ல தேயிலைக்குக் கைதான். ஒரு கிலோ தேயிலைத் தூளுக்கு ஏறத்தாழ நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். இயந்திரத்தால் முடியாத நொடி நேர முடிவுகளைத் துண்டு துண்டாக மனிதரிடம் வாங்கி, இயந்திரத்துக்கு ஊட்டும் ஏற்பாடு எங்கள் மலைகளில் நூற்றைம்பது ஆண்டுகளாக நடக்கிறது. எவரும் அதற்குக் காப்புரிமை கோரவில்லை, அவ்வளவுதான்.

விற்பனையும் இணையத்துக்குப் போய்விட்டது. 1883 ஜூலையில் தொடங்கிய கொழும்புத் தேயிலை ஏலம் 137 ஆண்டுகள் நேருக்கு நேர் நடந்தது. 2020 ஏப்ரலில், கொரோனா ஊரடங்கின்போது, முதன்முறையாக இணையவழியில் நடந்தது. தரகரும் வாங்குவோரும் வீட்டிலிருந்தே விலை கூறினார்கள். கொழுந்து பறிப்பவர்கள் மட்டும் அந்த ஊரடங்கிலும் வழமைபோல் மலைக்குப் போனார்கள்.

என் தாயார் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கொழுந்து பறித்தவர். நான் சிறுவனாயிருந்த காலத்தில் நாளொன்றுக்கு மூன்று முறை கொழுந்து மடுவத்தில் நிறுவை நடக்கும். கூடைக்கென்றும் ஈரத்துக்கென்றும் ஒவ்வொரு நிறுவையிலும் சில கிலோவைக் கழித்துத்தான் கணக்கப்பிள்ளை எழுதுவார். வெயில் நாளிலும் ஈரம் கழிக்கப்பட்டது. அம்மாவுக்கு எழுத்து வாசனை கிடையாது. ஆனால் ஒவ்வொரு நிறுவையையும் மனத்தில் வைத்து, மாலையில் என்னிடம் கூறுவார். பழைய அப்பியாசக் கொப்பியில் நான் எழுதுவேன். சம்பள நாளில் இரு கணக்குகளும் ஒத்துப்போனதாக நினைவில்லை. நான் எழுதிய முதல் 'செய்தி' அந்தக் கொப்பிதான் என்று பிற்காலத்தில் பேராதனையில் படிக்கும்போது நண்பர்களிடம் கூறியதுண்டு.

தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கு 'பேர்' என்று பெயர். செக்ரோலில் பெயர் விழுந்தால் ஒரு பேர். இந்த மாதம் எத்தனை பேர் என்று கேட்டால், எத்தனை நாள் சம்பளம் என்று பொருள். குறித்த கிலோவை எட்டாவிட்டால் அரைப்பேர். அரைப்பேர் என்பது வேதனையான சொல்தான். ஆனாலும் அந்தச் சொல்லைச் சுற்றி ஒரு நூற்றாண்டுப் போராட்டம் இருக்கிறது. பேர் போடும் இடத்தில் கணக்கப்பிள்ளையின் முகம் தெரியும், அவருடன் சண்டை பிடிக்கலாம், தலைவரிடம் போகலாம், மறுநாள் பிரட்டுக்களத்தில் எல்லோரும் வேலைக்கு இறங்காமல் நிற்கலாம். 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்துக் கோவிந்தன் பொலிஸாரின் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தது அவ்வாறான ஒரு வேலைநிறுத்தத்தின்போதுதான். ஊழியர் சேமலாப நிதி, பிரசவக் கொடுப்பனவு முதலிய யாவும் செக்ரோலில் பெயர் இருப்பவருக்கே கிடைத்தன.

இணையத்தின் துண்டு வேலையில் அரைப்பேர் கிடையாது. வேலை கொடுத்தவர் 'திருப்தியில்லை' என்று நிராகரித்தால், அந்தத் துண்டுக்குக் கூலி முற்றாக இல்லை. செய்து கொடுத்த விடையோ அவரிடமே இருக்கும். வேலை செய்பவர் ஊழியர் அல்லர், 'சுயாதீன ஒப்பந்தக்காரர்' என்று உடன்படிக்கையே கூறுகிறது. 2018-இல் வெளியான ஓர் ஆய்வு, 2,676 பேர் செய்த 38 இலட்சம் துண்டு வேலைகளைக் கணக்கிட்டு, நடுநிலை வருமானம் மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 2 டொலர் என்று கண்டது. அமெரிக்காவின் குறைந்தபட்சக் கூலியான 7.25 டொலரைத் தாண்டியவர்கள் நூற்றுக்கு நால்வரே. 2010-இல் வெளிவந்த ஒரு கணக்கெடுப்பின்படி, இவ்வேலை செய்தவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் இந்தியர்.

இன்று வியந்து பேசப்படும் செயற்கை நுண்ணறிவுக்கும் இந்தக் கைகளே அடித்தளம். இமேஜ்நெட் எனப்படும் படத் தொகுப்பைக் கொண்டுதான் கணினிகள் பூனையையும் நாயையும் வேறுபடுத்திக் காணப் பழகின. ஏறத்தாழ 140 இலட்சம் படங்கள் கொண்ட அத்தொகுப்புக்கு அடையாளமிட்டவர்கள் 167 நாடுகளைச் சேர்ந்த சுமார் 49,000 துண்டு வேலைக்காரர்கள். தொகுப்பை உருவாக்கிய பேராசிரியை பெய்-பெய் லீ புகழ்பெற்றார். அது அவருக்கு உரியதே. அந்த 49,000 பேரின் பெயர்ப்பட்டியல் எங்கும் இல்லை.

இவற்றையெல்லாம் நான் தேடி வாசித்ததற்கு ஒரு காரணம் உண்டு. ஹட்டனில் இருக்கும் என் தங்கையின் மகன் உயர்தரம் முடித்தவன். வெளிநாட்டு நிறுவனம் ஒன்றுக்காக வீதிப் படங்களில் வாகனங்களைச் சுற்றிக் கட்டம் போடும் வேலை வீட்டிலிருந்தே கிடைக்கிறது என்று தொலைபேசியில் கூறினான்.

"நல்ல வேலைதானா மாமா?" என்று கேட்டான்.

பின்னால் இருந்து என் தங்கையின் குரல் கேட்டது: "அண்ணே, இதுல அரைப்பேரு எப்படின்னு அவனக் கேளுங்க. பாதி நாள்ல லைன் போயிட்டா என்னா செய்வாங்க?"

பதின்மூன்று ஆண்டுகள் கொழுந்து எடுத்தவளின் கேள்வி அது. நிறுவனத்தின் விதிமுறைகளை ஆங்கிலத்தில் வாசித்த அவன் கேட்காத கேள்வி.

அவனை நான் தடுக்கவில்லை. தடுப்பதற்குக் கணக்கு இடந்தரவில்லை. 2021-இல் நெடுங்காலப் போராட்டத்தின் பின் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,000 ரூபாயானது. 2024-இல் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாயானது. அந்த ஆய்வு கண்ட 2 டொலரையே எடுத்துக்கொண்டு, டொலரை 300 ரூபாயாகக் கணக்கிட்டால், முழு நாளும் வேலை கிடைத்தால் 4,800 ரூபாய். அமெரிக்கருக்கு அநியாயக் கூலி. எங்கள் பிள்ளைக்கு அவன் தாய் பெற்றதைப் போல் மூன்று மடங்குக்கு மேல். அட்டைக் கடியும் இல்லை, மழையும் இல்லை. இதனை மறைத்துவிட்டு அந்தக் காப்புரிமையை வெறுமனே பழிப்பது நேர்மையாகாது.

ஆனால் 'முழு நாளும் வேலை கிடைத்தால்' என்ற நிபந்தனையில்தான் விடயம் இருக்கிறது. நாளை வேலை இல்லையென்றால் எவரிடமும் கேட்க முடியாது. இன்னொரு நாட்டில் ஒருவர் குறைந்த விலைக்கு வந்துவிட்டால் போய்விடும். சேமலாப நிதி இல்லை. ஐம்பத்தைந்து வயதில் கையில் வரக்கூடியது ஒன்றுமில்லை.

இதே மொழி இப்போது தோட்டத்துக்குள்ளும் பேசப்படுகிறது என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். நாட்சம்பள முறையைக் கைவிட்டு, தேயிலைச் செடிகளைக் குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுத்து, கொழுந்தைக் கிலோ கணக்கில் வாங்கும் 'வருமானப் பகிர்வு' முறையைப் பெருந்தோட்டக் கம்பனிகள் பல ஆண்டுகளாக முன்வைத்து வருகின்றன. சம்பளத்தை நிர்ணயித்துவந்த கூட்டு ஒப்பந்தமும் 2021-க்குப் பின் புதுப்பிக்கப்படவில்லை. சொந்தக் காணியாகக் கொடுப்பதாயின் அது வேறு பேச்சு. காணி கம்பனியினுடையது, விலையைக் குறிப்பதும் கம்பனி, உழைப்பவர் மட்டும் 'சுயாதீனமானவர்' என்றால், மலையில் நிற்கும் தாயும் கணினியின் முன் அமர்ந்திருக்கும் மகனும் ஒரே உடன்படிக்கையில் கையெழுத்திட்டவர்களாகிவிடுவர்.

இணையத் தொழிலாளரும் சும்மா இருந்துவிடவில்லை. 2008-இல் லில்லி இரானி, சிக்ஸ் சில்பர்மன் என்ற இரு ஆய்வாளர்கள் 'டர்க்காப்டிகன்' என்னும் கருவியை உருவாக்கினர். வேலை கொடுப்பவர்களில் யார் ஒழுங்காகப் பணந் தருகிறார், யார் காரணமின்றி நிராகரிக்கிறார் என்பதைத் தொழிலாளரே பதிந்து ஒருவருக்கொருவர் அறிவிக்க அது வழிசெய்தது. அம்மாவின் அப்பியாசக் கொப்பிதான் அதுவும்.

மருமகனிடம் நான் கூறியவை இரண்டு. செய்யும் ஒவ்வொரு துண்டையும், எடுத்த நேரத்தையும், மறுக்கப்பட்டவற்றையும் அன்றன்றே எழுதிவை. உன்னைப்போல் இதே வேலை செய்யும் பிள்ளைகள் ஹட்டனிலும் தலவாக்கலையிலும் எத்தனை பேர் என்று தேடிப்பிடி. இரண்டாவதைக் கேட்டுச் சிரித்தான்; பிறகு தன் வகுப்பு நண்பர்கள் நால்வர் இருப்பதாகச் சொன்னான்.

எங்கள் தொழிற்சங்கங்களிடமும் ஒன்று கேட்க வேண்டும். செக்ரோலில் பெயர் உள்ளவர்களின் தொகை ஆண்டுதோறும் குறைந்துவருகிறது. அவர்களின் பிள்ளைகள் லயத்துக்குள்ளேயே இருந்தபடி, எந்தப் பதிவேட்டிலும் இடம்பெறாத தொழிலாளராகி வருகின்றனர். சங்கத்தில் சேர அவர்களுக்கு விண்ணப்பப் படிவம் இருக்கிறதா? அந்தப் படிவத்தில் 'தோட்டம்', 'பிரிவு' என்ற இடங்களில் அவர்கள் எதனை எழுத வேண்டும்?